ரசீதுப் புத்தகத்தை மூடியவர்கள்

தமிழ்நாட்டில் சேவை அமைப்புகளின் நிர்வாகக் குழுக்களில் உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வங்கி மேலாளர், ஆடிட்டர், டாக்டர், ஜவுளிக்கடை முதலாளி, வழக்கறிஞர் என்று எங்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். முதியோர் இல்லம், மாலைநேரப் படிப்பு மையம், மாற்றுத்திறனாளிகள் பயிற்சிக்கூடம், கண் முகாம் என்று ஏதோ ஒன்றின் தலைவராக, செயலாளராக, பொருளாளராக, அறங்காவலராக எங்கள் பெயர்கள் லெட்டர்பேடின் ஓரத்தில் வரிசையாக அச்சாகியிருக்கும். நாங்கள் சம்பளம் வாங்குவதில்லை. கணக்கில் கை வைத்ததில்லை. அது போதும், எங்கள் மேல் யாரும் குறை சொல்ல முடியாது என்று வெகுகாலமாக நம்பி வந்தோம்.

குறை இருக்கிறது. திருட்டு இல்லை, அலட்சியம். எந்த மக்களுக்காக அமைப்பை நடத்துவதாகச் சொல்கிறோமோ, அந்த மக்களோடு எங்களுக்குப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. அவர்கள் தெருவுக்கு நாங்கள் போவதில்லை. எங்கள் கூட்டத்துக்கு அவர்கள் வருவதில்லை. இடையில் சம்பளத்துக்கு இருக்கும் களப்பணியாளர் ஒருவர் போய்வருகிறார். அதற்கு "மக்கள் தொடர்பு" என்று ஆண்டறிக்கையில் பெயர் வைத்தோம்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. பல அமைப்புகள் ரசீதுப் புத்தகத்தோடு பிறந்தவை. ஞாயிற்றுக்கிழமை காலை மஞ்சள் பையில் ரசீதுப் புத்தகமும் கார்பன் தாளும் எடுத்துக்கொண்டு பொருளாளர் முன்னே நடப்பார், இரண்டு உறுப்பினர்கள் பின்னால் போவார்கள். கடைவீதியில் ஒவ்வொரு படியாக ஏறுவார்கள். மளிகைக்கடை அண்ணாச்சி உடனே கல்லாவைத் திறந்துவிட மாட்டார். "போன வருஷம் ஹாஸ்டலுக்கு மோட்டார் போடணும்னு வாங்கிட்டுப் போனீங்களே சார், போட்டாச்சா?" என்று கேட்பார். போட்டிருந்தால், "வந்து பாருங்க அண்ணாச்சி" என்று நிமிர்ந்து சொல்லலாம். போடவில்லை என்றால் அசடு வழிய நிற்க வேண்டும். ஆனால் அடுத்த வாரமே மோட்டார் வந்துவிடும். அண்ணாச்சி கொடுத்தது பத்து ரூபாய்தான். அந்தப் பத்து ரூபாயோடு சேர்த்து அவர் கொடுத்த கேள்விக்கு மதிப்பு அதிகம். எந்த ஆடிட்டரும் மோட்டார் ஓடுகிறதா என்று வந்து பார்த்ததில்லை.

இந்த மண்ணில் பொதுக்காரியம் இப்படித்தான் நடந்திருக்கிறது. விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலா, பிடி அரிசியில் வளர்ந்த பள்ளி. அடுப்பில் உலை வைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கென்று தனியே எடுத்து வைத்தார்கள். அதை வீடு வீடாகப் போய் வாங்கி, விற்றுப் பள்ளியை நடத்தினார்கள். தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிற வீட்டில் அந்தப் பள்ளியைப் பற்றிய பேச்சும் தினம் இருந்திருக்கும். அதே காமராசர் முதலமைச்சராகி 1956இல் மதிய உணவைத் தொடங்கியபோது, அரசுப் பணத்தோடு ஊர்ப் பங்கும் சேர வேண்டும் என்று வைத்தார். சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் திறப்பதற்கு முன்பு, பல ஆண்டுகள் நிதி திரட்ட அலைந்தார். சென்னை சட்ட மேலவையின் துணைத் தலைவராக இருந்தவர், நாடறிந்த மருத்துவர்; கேட்கப் போவதை அவர் கௌரவக் குறைச்சலாக நினைக்கவில்லை.

பழைய காலம் எல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பிடி அரிசியும் அதுபோன்ற வசூல்களும் பெரும்பாலும் ஒரு சாதிக்குள் சுற்றியவை. கடைவீதியில் ஏறி இறங்கிய எங்கள் முன்னோடிகள் காலனிப் பக்கம் ரசீதுப் புத்தகத்தைக் கொண்டுபோகவில்லை. "அவங்ககிட்ட என்ன இருக்கு" என்று விட்டுவிட்டார்கள். கேட்காமல் விட்டதை இரக்கம் என்று நினைத்தார்கள். கொடுக்கும் உரிமையையும், கொடுத்ததற்குக் கணக்குக் கேட்கும் உரிமையையும் அவர்களுக்குத் தரவில்லை என்பதுதான் உண்மை. அந்தத் தவறைத் திருத்தி ரசீதுப் புத்தகத்தை எல்லாத் தெருவுக்கும் கொண்டுபோயிருக்க வேண்டியவர்கள் நாங்கள். நாங்கள் செய்தது, புத்தகத்தையே மூடி வைத்தது.

மூடியதற்குக் காரணம் பெரிய பணம். முதலில் வெளிநாட்டு நிதி வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலோர மாவட்டங்களுக்கு அது வெள்ளமாக வந்தது. பின்னர் 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ நிகரச் சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றாயிற்று. ஒரு காசோலையில் ஓராண்டுச் செலவு வந்து விழும்போது, பத்து ரூபாய்க்கு யார் வெயிலில் அலைவது? "இதுக்கு ஆகிற பெட்ரோல் செலவுக்குக்கூடக் கட்டாது சார்" என்று ஒருவர் சொன்னதும் எல்லாரும் தலையாட்டினோம். வரவு செலவுக் கணக்காகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அண்ணாச்சியின் கேள்வி அந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் வரவில்லை.

அதன் பிறகு யாருக்குப் பதில் சொல்லியிருக்கிறோம் என்று பாருங்கள். சென்னையிலும் மும்பையிலும் டெல்லியிலும் இருக்கிற அலுவலகங்களுக்குக் காலாண்டு அறிக்கை போகிறது. அது ஆங்கிலத்தில் இருக்கிறது. எத்தனை பேருக்குக் கண் பரிசோதனை, எத்தனை பேருக்குத் தையல் பயிற்சி, படம் இணைக்கப்பட்டுள்ளது. எந்தத் தெருவில் வேலை நடந்ததோ அந்தத் தெருக்காரர் ஒருவருக்கும் அந்த அறிக்கை போனதில்லை. போனாலும் அவரால் படிக்க முடியாது. ஒரே வேலைக்கு இரண்டு பேரிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பணம் கொடுத்தவரிடம் மட்டும் சொன்னோம்.

நாகப்பட்டினம் எங்களுக்குப் பாடம் கற்பித்திருக்க வேண்டும். ஆழிப்பேரலையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோன மாவட்டம் அது. மாநிலமெங்குமிருந்து லாரி லாரியாகப் பழைய துணி அனுப்பினோம். மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. தெருவோரங்களில் மலையாகக் குவிந்து, மழையில் நனைந்து மக்கியது. அனுப்பும் முன்பு ஒரு குப்பத்துக்குப் போய், ஊர்ப் பஞ்சாயத்தாரிடமோ ஒரு வீட்டுப் பெண்ணிடமோ என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கொடுப்பவர் நாம், கேட்பதற்கு என்ன இருக்கிறது என்ற எண்ணம்தான் அந்தத் துணி மலை.

நிர்வாகக் குழுவை நாங்கள் அமைத்த விதத்திலேயே வாசல் சாத்தப்பட்டிருந்தது. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்தால் ஏழு பேராவது வேண்டும், உறுப்பினர் பட்டியல் வேண்டும், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கை வைக்க வேண்டும். அது தொல்லை என்று எங்களில் பலர் அறக்கட்டளைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துகொண்டோம். உறுப்பினரும் இல்லை, தேர்தலும் இல்லை. கணவர் நிர்வாக அறங்காவலர், மனைவி அறங்காவலர், மச்சான் பொருளாளர். நல்ல நோக்கத்தோடு தொடங்கியவர்கள்கூட "வெளியாளைச் சேர்த்தால் பிரச்சினை" என்று பயந்தோம். அந்த வெளியாள் யார்? எங்கள் மையத்துக்குப் பிள்ளையை அனுப்புகிற தாய்தான்.

சங்கமாகப் பதிந்தவர்களும் பெருமைப்பட ஒன்றுமில்லை. எங்கள் பொதுக்குழு நடக்கிற அழகைச் சொல்லிவிடலாம். அழைப்பு, வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு பிடிஎஃப். பத்தரைக்குக் கூட்டம் என்றால் பத்தே முக்காலுக்கு ஆறு பேர் இருப்பார்கள். கோரம் இல்லை, அரைமணி ஒத்திவைத்து, அதே ஆறு பேரோடு மறுபடி கூட்டம் தொடங்கும். செயலாளர் அறிக்கை வாசிப்பார். பொருளாளர் எண்களை வேகமாகச் சொல்லும்போது வடையும் காபியும் வந்துவிடும். "கணக்கு ஏகமனதாக ஏற்கப்பட்டது" என்று மினிட் புத்தகத்தில் எழுதப்படும். வராதவர்களின் கையெழுத்துக்காக மறுநாள் அலுவலக உதவியாளர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். ஒரு காலத்தில் ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் நடந்த அதே தெருக்களில் இப்போது கையெழுத்துக்காக ஒருவர் நடக்கிறார்.

இதில் வெட்கப்பட வேண்டிய இடம் வேறு. 1989இல் தர்மபுரியில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. பிறகு மாநிலம் முழுக்க அவற்றைக் கட்டுவதில் தொண்டு நிறுவனங்கள் பங்கெடுத்தன. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களை வட்டமாக உட்காரவைத்து, குழுவின் கணக்கை எல்லார் காதிலும் விழும்படி வாசிக்க வேண்டும், கையிருப்பை எல்லார் முன்னாலும் எண்ண வேண்டும், தலைவி பொறுப்பு சுழற்சியில் மாற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தோம். அந்தப் பெண்கள் அதைச் செய்தார்கள். சொல்லிக்கொடுத்த எங்கள் நிர்வாகக் குழுவில் தலைவர் இருபது வருடமாக மாறவில்லை. கணக்கு யார் காதிலும் விழவில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. எங்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. சட்டம் இல்லாததால் நாங்களும் செய்யவில்லை.

பழக்கத்தைக் களப்பணியாளரிடம் விட்டோம் என்றோம். பெரும்பாலும் அது ஒரு பெண், சொற்பச் சம்பளம், திட்டம் இருக்கும்வரைதான் வேலை. எந்த வீட்டில் யார் படிப்பை நிறுத்தினார்கள், எந்தக் கிழவிக்கு உதவித்தொகை வரவில்லை, யார் வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அந்தத் தெருவில் காதுகுத்து என்றால் அவர் தன் சம்பளத்தில் மொய் எழுதினார். சாவு என்றால் அவர் கேதம் கேட்கப் போனார். நாங்கள் போகவில்லை. மொய் நோட்டில் பெயர் இல்லாதவர் தன் வீட்டு விசேஷத்துக்கு ஊர் திரளவில்லை என்று வருத்தப்பட்டால் யாராவது கேட்பார்களா? திட்டம் முடிந்து அந்தப் பெண் வேறு வேலைக்குப் போனபோது, பத்தாண்டுப் பழக்கமும் அவர் செல்போனோடு போய்விட்டது. எங்களிடம் மிஞ்சியது பயனாளிகள் பதிவேடு.

2020 ஏப்ரல் அதை அம்பலப்படுத்தியது. ஊரடங்கில் நிறுவனங்களிடமிருந்து அரிசி மூட்டைகள் வந்து இறங்கின. யாருக்குக் கொடுப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பதிவேட்டில் இருந்த எண்களுக்கு அடித்தால் பாதி உபயோகத்தில் இல்லை. ரேஷன் அட்டை இல்லாத வெளியூர்த் தொழிலாளர் எங்கே தங்கியிருக்கிறார், தனியாக இருக்கும் முதியவர் யார், என்று கேட்க உள்ளூர் அரசியல் கட்சிக்காரர்களிடம் போய் நின்றோம். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஓட்டுக்காகத்தான் வீடு வீடாகப் போகிறார்கள் என்று நாங்கள் ஏளனம் பேசியவர்கள் அவர்கள். போகிறவர்களுக்குத்தானே தெரியும்?

அதே ஆண்டு செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. ஓர் அமைப்பு தான் வாங்கிய நிதியை வேறு அமைப்புக்குப் பகிர்ந்தளிக்கக் கூடாது, நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்குள் வர வேண்டும், வெளிநாட்டு நிதி ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான் இறங்க வேண்டும் என்றானது. பெரிய அமைப்புகள் வழியாகப் பணம் பெற்று வந்த சிறிய அமைப்புகள் அப்படியே நின்றன. சட்டத்தைக் குறை சொன்னோம். சொல்ல நியாயமும் உண்டு. ஆனால் பணம் நின்று படிப்பு மையங்களைப் பூட்டியபோது நடந்ததற்குச் சட்டம் காரணமில்லை. பூட்டிய மறுநாள் யாரும் வந்து ஏன் என்று கேட்கவில்லை. ஊர்க்கோயில் திருவிழா ஒரு வருடம் நின்றால் பஞ்சாயத்தே கூடும். எங்கள் மையம் நின்றதற்கு ஒரு குரல் எழவில்லை. பதினைந்து வருடம் அந்த ஊரில் இருந்திருக்கிறோம். அது அவர்களுடையது என்று ஒருநாளும் அவர்களுக்குத் தோன்றும்படி நாங்கள் நடத்தவில்லை.

"மக்கள் வாங்கத்தான் வருவார்கள், கொடுக்க வர மாட்டார்கள்" என்று அப்போது எங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டோம். அதே மக்கள் கோயில் கொடைக்கு வரி கொடுக்கிறார்கள், தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் கொடுக்கிறார்கள், மன்றத்துக்குக் கொடுக்கிறார்கள், விபத்தில் அடிபட்ட பையனின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆட்டோ ஸ்டாண்டில் துண்டு விரித்து வசூல் செய்கிறார்கள். எங்களுக்குக் கொடுக்கவில்லை, ஏனென்றால் நாங்கள் கேட்கவில்லை. இன்னொரு சமாதானம் வருமான வரிச் சட்டம். "சின்ன நன்கொடைக்கெல்லாம் இப்போது விவரம் கேட்கிறார்கள்" என்றோம். கொடுத்தவர் பெயரும் முகவரியும் எழுதிய ரசீது வேண்டும் என்பதுதான் அடிப்படை. பழைய ரசீதுப் புத்தகத்தில் அந்த இரண்டு வரியும் ஏற்கெனவே அச்சாகித்தான் இருந்தன.

வேறு விதமாக நடத்தியவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராம முகாம்களை உள்ளூர் அமைப்புகளின் பொறுப்பில் நடத்தியது. இடம் பார்ப்பது, ஊருக்குச் சொல்வது, ஆட்களை அழைத்து வருவது உள்ளூர்க்காரர் வேலை. வைத்தியம் மருத்துவமனையின் வேலை. முகாம்களில் கூட்டம் அலைமோதியது. நாங்களாக இருந்தால் அந்தக் கூட்டத்தைப் படம் எடுத்து ஆண்டறிக்கையில் போட்டுத் திருப்திப்பட்டிருப்போம். ஆனால் அந்த மருத்துவமனையைச் சேர்ந்தவர்களும் பங்கெடுத்து 1999இல் வெளியான ஓர் ஆய்வு, வராதவர்களைத் தேடிப் போனது. கண்ணில் குறையுள்ள கிராமத்தாரில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்குத்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள். இலவச முகாமுக்கும் போக்குவரத்துச் செலவு உண்டு, கூலி போகும், பயம் இருக்கும், வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். அதன் பிறகு அந்த மருத்துவமனை சிற்றூர்களிலேயே நிரந்தரப் பார்வை மையங்களைத் திறந்தது. எங்கள் ஆண்டறிக்கைகளில் வந்தவர் எண்ணிக்கை பக்கம் பக்கமாக இருக்கிறது. வராதவர் எண்ணிக்கைக்கு ஒரு வரிகூட இல்லை.

சுயவிமர்சனம் என்று எழுதிவிட்டுப் பழையபடி உட்கார்ந்திருந்தால் இதுவும் ஒரு ஆண்டறிக்கைதான். ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு இடமாவது அமைப்பின் சேவையைப் பெறுகிறவர்களுக்கு. பெண்களுக்கும் காலனிக்கும் அதில் கட்டாய இடம். அவர்களுக்கு வசதியான நேரத்தில், வேலை முடிந்து வந்த பிறகு, தமிழில் கூட்டம். ஆண்டுக் கணக்கு ஒரே தாளில், தமிழில், மையத்தின் வாசலில் ஒட்டப்பட வேண்டும். குடியரசு நாள் முதல் உள்ளாட்சி தினம் வரை ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன; ஒன்றிலாவது தலைவரே எழுந்து நின்று, இந்த ஊரில் இவ்வளவு செலவு செய்தோம், இதைச் செய்ய முடியவில்லை என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு குழு உறுப்பினருக்கும் ஒரு தெரு. அந்தத் தெருவின் நல்லது கெட்டதுக்கு அவர் போக வேண்டும்; பதிலாள் அனுப்பக் கூடாது. நேரமில்லை என்பவர் கௌரவமாக விலகி இடம் விடலாம். லெட்டர்பேடில் பெயர் இருப்பது சேவை ஆகாது.

பெரிய பணம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கட்டடத்துக்கும் கருவிக்கும் அது தேவை. அதோடு ரசீதுப் புத்தகத்தையும் மறுபடி அச்சடிக்க வேண்டும், இந்தமுறை எல்லாத் தெருவுக்கும். பத்து ரூபாய் கொடுத்த ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கான கேள்வி கேட்க உரிமை உண்டு என்பதை நாங்கள் மறுபடி பழக வேண்டும்.

இதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. உங்கள் ஊரிலும் எங்களைப் போன்றவர்கள் நடத்தும் இல்லமோ மையமோ ஒன்று இருக்கும். அதன் கேட்டைத் தாண்டி உள்ளே போங்கள். பொதுக்குழு எப்போது, கணக்கு எங்கே, குழுவில் இந்தத் தெருவிலிருந்து யார் இருக்கிறார் என்று கேளுங்கள். நன்கொடை கேட்டு யாராவது வந்தால், போன வருடம் வாங்கியதற்கு என்ன செய்தீர்கள் என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு கொடுங்கள். எங்களுக்குக் கோபம் வந்தாலும் விடாதீர்கள்.